மூன்று விரல் இடைவெளி

என் கணவன் போல்தோவின் கண்ணுக்கு எந்த சைக்கிளும் தப்பாது என்று எங்கள் ஊர் பிலாவில் எல்லோரும் சொல்வார்கள். அவன் வேலை அப்படி. நெடுஞ்சாலை ஓரத்தில், ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களை விற்கும் ஒரு கிடங்கு இருக்கிறது. ஒரு கண்டெய்னருக்கு முந்நூறு, நானூறு வண்டிகள், ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, பெட்டியில் மத்தி அடுக்கியதுபோல வரும். கதவைத் திறந்ததும் போல்தோ ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரிப்பான்: விற்க, உதிரிக்கு, அறுக்க. ஒரு வண்டிக்கு ஒரு பான்தெசால் ரொட்டி தின்னும் நேரம்தான். அதற்குள் அது விழுந்ததா, மோதியதா, எதில் மோதியது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

இருபத்திரண்டு வருடமாகச் சோற்றோடு சேர்த்து இதைக் கேட்டு வருகிறேன். அவன் பார்க்கும் முறை எனக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம்.

முதலில் தொடக்கூடாது. நாலடி தள்ளி, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கும், கழுத்திலிருந்து பெடலுக்கு இறங்குகிற கீழ்க்குழாய்க்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னால் மடங்கியிருக்கிறது. அடுத்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நேராக இறங்கி, கீழே மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும். நடுவில் முழங்கால் மடக்கியதுபோல இருந்தால் போச்சு. பிறகு, விழும்போது தரையில் முதலில் படுகிற இடங்கள்: பிரேக் பிடியின் முனை, பெடலின் ஓரம், சீட்டின் காது. பிறகு ஒரு நூல். அதைப் பின்சக்கரம் மாட்டும் இடத்தில் கட்டி, கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து, சீட்டுக் குழாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று அளக்க வேண்டும். பிறகு, வண்டியில் புதிதாக எது இருந்தாலும், ஒரு ஸ்டிக்கரோ ஒரு சொட்டுப் பெயின்ட்டோ, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் கழுத்தை ஒட்டிய நாலு அங்குலத்தை விரல் நுனியால் தடவ வேண்டும்.

"கண்ணு பெயின்ட்டைத்தான் பாக்கும். விரல்தான் இரும்பைப் பாக்கும்" என்பான்.

வீட்டிலும் இதே கதைதான். மாம்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மரத்துலேருந்து விழல, கூடையிலேருந்து விழுந்திருக்கு" என்பான். புதிதாக வந்த பாதிரியார் பூசைக்கு நடந்து வருவதைப் பார்த்து என் காதில், "இடது முழங்கால், பழைய அடி" என்றான். பிறகு விசாரித்தால் உண்மை.

இனி என் விஷயம். ஒவ்வொரு பெரிய வியாழனும் போல்தோவின் சைக்கிள் கூட்டம் ஏழு கோயில் சுற்றுக்குக் கிளம்பும். காலையில் நக்கார்லான், பிறகு லிலியு, எல்லோரும் நாக்கைத் தொங்கப்போட்டு மஹாய்ஹாய் மேட்டில் ஏறி, அங்கிருந்து மக்தலேனாவுக்கு ஒரே இறக்கம், பக்சன்ஹான், சாந்தா குருஸ், கடைசியாக எங்கள் பிலா கோயில். இருபத்திரண்டு வருடமாக நான் அந்த ஏழாவது கோயில் வாசலில், பசையரிசியை வாழையிலையில் சுற்றி அவித்த சூமான் கட்டுகளையும் தண்ணீர்க் குடுவையையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் போல்தோ எனக்கு மஹாய்ஹாய் கோயிலைப் பற்றிச் சொல்வான். வெயிலில் ஏறி வந்து உள்ளே நுழைந்தால் அந்தக் கற்சுவர் முகத்தில் ஈரத்துணி போடுமாம். "நீ பக்கத்துல இருந்திருக்கணும் மினியாங்" என்பான். வருடாவருடம் அதே வார்த்தை.

மகன் கப்பல் வேலைக்குப் போன பிறகு, போன ஜனவரியில் நான் சொன்னேன்: "இந்த வருஷம் இருக்கேன். வண்டி எடுத்துக் குடு."

போல்தோ சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். இரண்டு கண்டெய்னர் காத்திருந்து, எழுநூறு வண்டிகளைப் பார்த்து, பச்சை நிறத்தில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாகம் பாகமாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டுத் தந்தான். இரண்டு நிபந்தனை வைத்தான்.

"ஒண்ணு, மஹாய்ஹாய் இறக்கத்துல தனியா இறங்கக் கூடாது. நான் கூட்டிட்டுப் போய் பழக்குறேன். ரெண்டு, எல்லாருக்கும் உள்ள சட்டம் உனக்கும். ஓலை கட்டாத வண்டி கிளம்பாது."

ஓலை என்பது குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்த ஓலை. அன்று பூசை முடிந்ததும் கூட்டத்தார் எல்லோரும் வண்டிகளை எங்கள் முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். போல்தோ ஒவ்வொன்றையும் பார்த்து, தேறிய வண்டியின் ஹேண்டில்பாரில் ஒரு கீற்று ஓலையைக் கட்டுவான். தேறாத வண்டிக்காரர் அந்த வருடம் ஜீப்னி என்கிற சிற்றுந்தில் வந்து சேர வேண்டியதுதான். போல்தோவின் வண்டியை மட்டும் மாங் துலியோ பார்ப்பார். நாற்பது வருடம் ஜீப்னி ஓட்டி ஓய்ந்த மனிதர். வாய் மட்டும் ஓயாது.

ஏற்றம் எனக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கினாலும் நிறுத்தாமல் ஏறினேன். இறக்கம்தான் பாக்கி. போல்தோவுக்கு மார்ச் மாதம் முழுக்க கண்டெய்னர் மேல் கண்டெய்னர். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது. நகராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்களில் எழுத்துப் பிழை திருத்தும் வேலை என்னுடையது. எதையும் தள்ளிப்போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஓலை ஞாயிற்றுக்குப் பதினைந்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மஹாய்ஹாய் ஏறினேன். கோயிலுக்குள் போகவில்லை. அது அவனோடுதான். வாசலிலிருந்தே திரும்பி, இறங்கினேன்.

அது அறுவடைக் காலம். சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிகள் ஏறிவிடாமல் இருக்க, நெல்லின் விளிம்பில் தலையளவு கற்களை வரிசையாக வைப்பார்கள். மூன்றாவது வளைவு வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. காற்று காதில் பாடியது. நாலாவது வளைவில் எதிரே ஒரு டிரைசைக்கிள், பக்கத்தொட்டி மாட்டிய மோட்டார் சைக்கிள், வந்தது. நான் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் முதல் கல்.

பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விழுந்தது நெல்லில். முழங்கை வரை நெல்லுக்குள் புதைந்து, வாயெல்லாம் உமி.

"என் நெல்லு!" என்று முதலில் கத்தியது கேட்டது. பிறகுதான், "உசுரு இருக்கா?"

நெல் கிளறும் துழாவுகோலோடு ஒரு பெண்மணி ஓடி வந்தார். ஆலிங் சாபெல் என்று பிறகு தெரிந்தது; வயதில் மூத்த பெண்களை ஆலிங் என்போம். எழுபது வயது இருக்கும், தலையில் துண்டு.

"இருக்கு. மன்னிச்சிடுங்க, ஆலிங்."

"கல்லு அவ்ளோ பெருசா வச்சிருக்கேன், கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுது. தெரியும்போது பக்கத்துல இருந்துச்சு."

"உனக்கு என்ன வயசு மகளே?"

"நாப்பத்தேழு."

"அந்த வயசுல நான் பேரப்பிள்ளைக்குத் துணி தச்சேன்" என்று சொல்லிக்கொண்டே என் கையை இழுத்துத் தூக்கிவிட்டார். இடது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கழுவிவிட்டு, என் தலைமுடியிலிருந்து நெல்லைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் தரையிலிருந்த நெல்லோடு போட்டார். வீணாக்கவில்லை.

பிறகுதான் வண்டியைப் பார்த்தேன். நாலடி தள்ளி நின்று. முன்சக்கரம் கீழ்க்குழாயை முட்டுகிற மாதிரி நின்றது. நடுவே ஒரு விரல்தான் போனது.

அப்போது எனக்கு வலி தெரியவில்லை. ஏழாவது கோயில் வாசலும் சூமான் கட்டும்தான் கண்ணில் தெரிந்தன. தனியாக இறங்கினேன் என்று தெரிந்தால் போல்தோ திட்ட மாட்டான். பயந்துபோவான். பயந்துபோனால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பான், ரொம்ப மெதுவாக. அவன் மெதுவாகச் சொன்னதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஆலிங் சாபெலின் மகன் நெல் வண்டியில் ஏற்றி, என்னையும் சைக்கிளையும் என் தம்பி இஸ்கோவின் பட்டறையில் இறக்கிவிட்டான். இஸ்கோ டிரைசைக்கிள்களுக்குப் பக்கத்தொட்டி வெல்டிங் செய்கிறவன். பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"ஆத்தே! என்ன இது, யாரு மேல ஏத்தின?"

எங்கள் ஊரில் அக்காவை ஆத்தே என்றும் அண்ணனைக் குயா என்றும்தான் கூப்பிடுவார்கள். இஸ்கோவின் வாயில் மட்டும் ஆத்தே எப்போதும் கிண்டல் மாதிரி ஒலிக்கும்.

"கல்லு மேல. நிமித்திக் குடு. போல்தோவுக்குத் தெரியக் கூடாது."

"யாருக்கு? குயா போல்தோவுக்கா?" அவன் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டான். "ஆத்தே, நீ பேங்க்குல திருடிட்டு வா, மறைச்சுத் தரேன். பாதிரியாரு கிட்ட பாவத்தை மறைக்கணும்னா வழி சொல்றேன். அந்தாளு கிட்ட வளைஞ்ச ஃபோர்க்கையா?"

"அவன் எப்படிப் பாப்பான்னு எனக்குத் தெரியும். வரிசையா சொல்றேன், நீ வரிசையா செய்."

செய்தான். ஃபோர்க்கைக் கழற்றி, இடுக்கியில் கட்டி, நீளக் குழாயைச் செருகி, குளிராகவே இழுத்து நிமிர்த்தினான். இரும்பு முனகியது. சக்கரத்தின் கம்பிகளை முறுக்கி ஆட்டத்தை எடுத்தான். பிரேக் பிடியின் சிராய்ப்பை அரத்தால் தேய்த்து, வலது பக்கத்திலும் அதே அளவு தேய்த்தான். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் போல்தோ கேட்பான் என்று நான்தான் சொன்னேன். பெடலைத் துடைத்து, சீட்டின் காதில் பழைய சீட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டினோம். நூல் கட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே தூரம். விரல் விட்டேன். மூன்று.

"பச்சைப் பெயின்ட்டு அடிக்கட்டுமா?"

"வேண்டாம். புதுசா எதுவும் கூடாது."

"நீ அந்தாளைக் கட்டிக்கிட்டிருக்கக் கூடாது, ஆத்தே. சேந்து திருடப் போயிருக்கணும்."

கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினேன். கழுத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, என் விரல் எதிலோ ஏறி இறங்கியது. ஆறிய பாலின் ஆடை சுருங்குமே, அந்த அளவுதான். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பெயின்ட் வழிந்து உறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இஸ்கோவிடம் சொல்லவில்லை. இரண்டாவது தடவை தடவவும் இல்லை.

வீட்டில் உள்ளங்கைக் காயத்துக்கு, தம்பி பட்டறையில் தகரம் கிழித்தது என்று ஒரு காரணம். போல்தோ மருந்து போட்டுவிட்டான்.

"தகரம்னா கோடு விழும். இது தேஞ்சிருக்கு" என்றான்.

"தகரத்துல விழுந்தேன்."

"ம்" என்றான். அவ்வளவுதான். அன்று அவன் இருபத்தாறு சக்கரங்களுக்குக் கம்பி கட்டிவிட்டு வந்திருந்தான். கண் செருகியது.

அடுத்த புதன்கிழமை மதிய உணவு எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். போல்தோ ஒரு நீல ஃப்ரேமை இடுக்கியில் கட்டி அறுத்துக்கொண்டிருந்தான். வானம் மாதிரி நீலம், ஒரு கீறல் இல்லை.

"எவ்ளோ அழகா இருக்கு! ஏன் அறுக்கிற?"

"விரலைக் குடு." என் விரலைப் பிடித்துக் கீழ்க்குழாயின் அடியில் வைத்தான். "தெரியுதா?"

தெரிந்தது. ஆறிய பாலின் ஆடை.

"பெயின்ட்டு வழிஞ்சிருக்கலாம்ல?" என்றேன்.

"பெயின்ட்டு வழிஞ்சா கீழ்நோக்கித் தொங்கும். இது குறுக்கே வளையம் மாதிரி போகுது. முன்னாடி மோதுனப்போ குழாய் நசுங்கியிருக்கு."

"நிமித்திட முடியாதா?"

"ஃபோர்க்கை நிமித்துவாங்க சிலபேரு. அதுவே தப்பு. ஒரு தடவை மடங்கி நிமிந்த இரும்பு, அடுத்த தடவை மடங்காது, ஒடியும். இந்தக் குழாயை யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது." ரம்பத்தை மறுபடி எடுத்தான். "சமதரையில வருஷக்கணக்கா ஓடும் மினியாங். ஒண்ணுமே ஆகாது. ஒருநாள் இறக்கத்துல முன்பிரேக்கை அழுத்துவான். அன்னிக்குச் சொல்லாம கொள்ளாம போயிடும். மூஞ்சிதான் முதல்ல தரைக்குப் போகும். அதான் அறுக்கிறேன். உதிரிக் கூட்டத்துல போட்டாக்கூட எவனாவது எடுத்துப் பெயின்ட்டு அடிச்சு வித்துடுவான்."

நீல ஃப்ரேம் இரண்டாகி விழுந்தது. அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, புளிக்குழம்பைத் திறந்து முகர்ந்து, "இந்த மீனு சந்தைக்கு வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓலை ஞாயிறன்று அவனே கண்டுபிடிப்பான் என்று எனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எல்லாவற்றையும் மறைத்தேன்தான், ஆனால் அந்தக் குழாயை மறைக்கவில்லையே. அவன் விரல் தப்பு செய்யாது. கண்டுபிடித்தால் அவன் சொல்கிறபடி நடக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் அது பெயின்ட்தான். பொறுப்பை முழுக்க அவன் விரல் நுனியில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஓலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து ஒன்பது வண்டிகள் எங்கள் முற்றத்தில் நின்றன. கொய்யா மரத்தடியில் மாங் துலியோ காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, போல்தோ குனியும்போதெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வண்டியில் பிரேக் ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றச் சொன்னான். மூன்றாவது வண்டிக்காரரிடம், "போன செவ்வாய்க்கிழமை நாய் மேல விட்டியா?" என்றான். "நாய் என் மேல விட்டுது" என்றார் அவர். மாங் துலியோ காப்பியைச் சிந்தினார்.

எட்டு வண்டிக்கு ஓலை கட்டியாகிவிட்டது. ஒன்பதாவது என்னுடையது. போல்தோ நாலடி தள்ளி நிற்கவில்லை. குனியவில்லை. நேராக வந்து, ஹேண்டில்பாரில் ஓலையைச் சுற்ற ஆரம்பித்தான்.

"ஏய், ஏய்!" என்றார் மாங் துலியோ. "பெண்டாட்டி வண்டின்னா கண்ணு அவிஞ்சிடுமா?"

"இதை எழுநூறு வண்டியிலேருந்து நான் எடுத்தேன் மாங் துலியோ. ஒவ்வொரு மறையும் என் கையால முறுக்கினது. இவ தம்பி வீட்டைத் தவிர நான் இல்லாத இடத்துக்கு இது போனதே இல்ல. இதுல எதைப் பாக்க?"

"அப்போ மினியாங்கைப் பாரு, முகம் ஏன் தேங்காய்ப்பால் மாதிரி ஆயிடுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். போல்தோவும் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டான். நான் செய்த வேலை அத்தனையும், அரம், தோல், நூல், எதுவும் தேவைப்படவே இல்லை. அவன் பார்க்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். வியாழக்கிழமை மூன்றாவது கோயிலில் அவன் பக்கத்தில் நிற்பேன். அதன் பிறகு இறக்கம். அந்த இறக்கத்தில் எனக்கு வலமாக, சிரித்துக்கொண்டு, அவன் வருவான். ஏதாவது ஆனால், பார்க்காமல் கட்டிவிட்டோமே என்று அந்த முடிச்சை வாழ்நாள் முழுக்க விரலில் வைத்துக்கொண்டு இருப்பான்.

"போல்தோ" என்றேன். "கண்ணை மூடு."

"என்னது?"

"மூடேன்."

மூடினான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். முத்தம் என்று நினைத்திருப்பார்கள். நான் அவன் வலது கையைப் பிடித்து, நீட்டிய விரலைக் கீழ்க்குழாயின் அடியில், கழுத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் வைத்தேன்.

விரல் ஒரு தடவை போனது. திரும்பி வந்தது. நின்றது. அவன் கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்:

"எங்க?"

"மஹாய்ஹாய் இறக்கம். நாலாவது வளைவு. நெல்லுக் கல்லு."

"தனியா?"

"தனியா."

"எப்போ?"

"பதினஞ்சு நாள் ஆச்சு. இஸ்கோ ஃபோர்க்கை நிமித்தினான். மத்ததெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அவனைத் திட்டாதே."

போல்தோ எழுந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நாலடி பின்னால் போய் நின்று, என்னைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தான். பிறகு சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தான். கிட்டே வந்து இடது உள்ளங்கையைத் திருப்பினான். "தகரம்" என்றான். மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தான். முழங்கையை மடக்கி நீட்டினான். தோள்பட்டை எலும்பை இரண்டு பக்கமும் விரலால் தடவி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தான்.

"தலை?"

"நெல்லுல."

"கழுத்தைத் திருப்பு. இந்தப் பக்கம். வலிக்குதா?"

"இல்ல."

"நூல் கட்டிப் பாரு போல்தோ" என்றார் மாங் துலியோ. "இடுப்பு ஒரு பக்கமா நிக்குதோ என்னமோ."

அப்போதுதான் போல்தோவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு. என் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டு, "ஃப்ரேம் நல்லாத்தான் இருக்கு" என்றான். அவன் கூட்டத்துக்குச் சொன்னானா, எனக்கா என்று தெரியவில்லை.

பிறகு உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தான். என் வண்டியிலிருந்து ஓலையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ரம்பத்தின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். இரண்டு பேரும் சேர்ந்து அறுத்தோம். பச்சைத் தூள் அவன் செருப்பில் உதிர்ந்தது. பாதி அறுக்கும்போதே குழாய் தானாக விட்டுப்போனது. சுருக்கத்தின் அடியில், உள்பக்கமாக, முடிக் கனத்தில் ஒரு விரிசல் ஏற்கெனவே ஓடியிருந்தது. அதை அவன் எனக்குக் காட்டவில்லை. நானேதான் பார்த்தேன். துண்டைத் தூக்கியபோது குழாயின் வாயிலிருந்து ஐந்தாறு நெல்மணிகள் கொட்டின.

"ஜீப்னியில வரேன்" என்றேன். "சூமான் செஞ்சு வைக்கிறேன். ஏழாவது கோயில்ல இருக்கேன்."

போல்தோ கொய்யா மரத்தில் சாய்த்திருந்த தன் சாம்பல் நிற வண்டியைப் போய் எடுத்து வந்தான். பதினெட்டு வருடமாக யாரையும் உட்கார விடாத வண்டி. மாங் துலியோ ஓலை கட்டியாகிவிட்டது. சீட்டின் மறையைத் தளர்த்தி, "ஏறு" என்றான்.

"இது உன்னோடது."

"உயரம் பாக்கணும். ஏறு."

ஏறினேன். சீட்டை இறக்கினான். எவ்வளவு இறக்கினான் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு விரல்.

"ஒரே விரலா!" மாங் துலியோ எழுந்தே நின்றுவிட்டார். "பெண்டாட்டியை விட ஒரு சாண் உயரம்னு இருபது வருஷமா சொல்லிட்டிருந்தியே திருட்டுப் பயலே!"

"அவ ஷூ போட்டிருக்கா" என்றான் போல்தோ.

வியாழக்கிழமை அவன் கிடங்கிலிருந்து எடுத்து வந்தது ஒரு கூடை வண்டி. ஜப்பானில் தாய்மார்கள் சந்தைக்குப் போகிற ரகம், பின்னால் குழந்தை இருக்கை வேறு. அதை மாங் துலியோ கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். நூல் கட்டினார். கண்ணை மூடித் தடவினார். என் வண்டியிலிருந்து அவிழ்த்த ஓலையைத்தான் அதில் கட்டினார். முன்கூடையில் சூமான், குழந்தை இருக்கையில் தண்ணீர்க் குடுவை. மஹாய்ஹாய் மேட்டில் அந்த இரும்பு மூட்டையை மிதித்து, வியர்வையில் குளித்து, எல்லோருக்கும் கடைசியாக ஏறி வந்தான் எங்கள் கூட்டத்தின் முதல் மலையேறி. நான் கோயில் வாசலில் காத்திருந்தேன். சேர்ந்துதான் உள்ளே போனோம்.

கற்சுவர் ஈரத்துணி போட்டது உண்மைதான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை.

இறக்கத்தில் அவன் எனக்குப் பின்னால் வந்தான். "பிரேக்கைக் கொஞ்சமா, அடிக்கடி. கண்ணு தூரத்துல. தூரத்துல மினியாங், சக்கரத்துல இல்ல." முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வளைவுக்கு முன்பே எனக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நெல் விளிம்பின் கற்கள் அத்தனைக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. முதல் கல்லின் மேல் ஒரு சிவப்புத் துணி.

இறங்கி உருட்டினோம். ஆலிங் சாபெல் துழாவுகோலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு கூடை வண்டியைப் பார்த்தார், குழந்தை இருக்கையைப் பார்த்தார், போல்தோவைப் பார்த்தார்.

"இதுதான் புருஷனா?"

"ஆமா, ஆலிங்."

"இவரையாவது சாலையைப் பாத்து ஓட்டச் சொல்லு. என் கிட்ட சுண்ணாம்பு தீந்துபோச்சு."

போல்தோ தொப்பியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். பிரித்தார். ஐந்தாறு நெல்மணிகள்.

அவர் அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. குனிந்து நெல்லோடு போட்டு, கோலால் ஒரு தடவை துழாவிவிட்டார்.